பண்டமாரான் வீட்டு மாத்திரைப் பெட்டி

திங்கட்கிழமை காலை ஷான் வாயெல்லாம் பல்லாக மாடியேறி வந்தான்.

"அக்கா, இன்னிக்கி வாசல்லயே பார்க்கிங் கெடச்சிடுச்சு! கீழ மசாஜ் சென்டர் சாத்தியிருக்கு. சனிக்கிழமையே எல்லாரும் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களாம்."

பிரிக்பீல்ட்ஸில் வாசலில் பார்க்கிங் கிடைத்தவன் அன்றைக்குக் குதிக்கத்தான் செய்வான். குணேஸ்வரி தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தார். அரசாங்க மருந்துத் துறையில் போலி மருந்து விற்றவர்களை முப்பது வருஷம் துரத்திவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். ஷான் இன்சூரன்ஸ் விற்றுப் பார்த்துத் தோற்ற நாற்பது வயதுக்காரன். யார் செத்தாலும் அது கொலையாகத்தான் இருக்கும் என்று நம்பத் தயாராக இருப்பவன்.

அவனுக்கு ஏற்ற ஆள்தான் அன்று வந்தார். எழுபது வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடை. பெயர் ஸ்டானிஸ்லாஸ். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். நாற்காலியில் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்.

"என் மருமக என் பொஞ்சாதியக் கொன்னுட்டா மேடம். அத நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்."

ஷான் நிமிர்ந்து உட்கார்ந்தான். அறையில் தைல வாடை குப்பென்று அடித்தது. "கீழ இருக்கறவங்களால நம்ம ஆபீஸே தைலம் விக்கற மினியாக் கடை ஆயிடுச்சு லா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் குணேஸ்வரி.

பெரியவர் சொன்னார். மனைவி பெயர் டோரிஸ். பத்து வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் இரும்பு வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, தினமும் வார்ஃபரின் மாத்திரை. மருமகள் டீனாதான் ஏழு குழி போட்ட பெட்டியில் மாத்திரை எடுத்து வைப்பாள், கிளினிக்குக் கூட்டிப் போவாள். செப்டம்பர் வரை எல்லாம் சரியாக இருந்தது. நவம்பரில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. அந்த எண் ஏறினால் இரத்தம் உறைவது தாமதமாகிறது என்று அர்த்தம். கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் டோரிஸ் குளியலறையில் விழுந்தாள். மூளைக்குள் இரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் எண் இன்னும் மேலே போயிருந்தது.

"மாத்திரையக் கொறைச்சும் நம்பர் ஏறுதுன்னா என்ன அர்த்தம் மேடம்? யாரோ கூடக் கொடுத்திருக்கா. அந்தப் பெட்டியத் தொட்டவ ஒருத்திதான்."

"இப்ப உங்க மருமக எங்க?"

"பந்திங்ல, அம்மா வீட்டுல. என் மகன் ஐவன் அனுப்பிட்டான். நாலு வயசுப் பேத்தி எங்ககிட்ட இருக்கா. வெள்ளிக்கிழம போலீஸ்ல ரிப்போர்ட் கொடுக்கறோம், அதோட லாயரையும் பாக்கறோம். அந்தப் பிள்ள கொலகாரி கையில வளரக்கூடாது."

"உங்க மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டை உண்டா?"

"சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவால்ல! நாங்க கத்தோலிக்கர், அவ மெதடிஸ்ட். செபமாலைக்கு நாங்க உட்கார்ந்ததும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்குவா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாதா முன்னால வந்து உட்கார்ந்திருப்பாளா?"

அவர் கண்ணில் நீர் வந்தது. நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் புதைத்துவிட்டு வந்த மனிதர். அவரைப் பார்த்துக் கோபப்பட யாருக்கும் மனசு வராது. வந்திருக்க வேண்டும்.

"விசாரிக்கறேன்" என்றார் குணேஸ்வரி. "ஆனா ஒண்ணு. என்ன வந்தாலும் எல்லாரையும் உட்கார வச்சுத்தான் சொல்வேன். உங்க மருமகளையும் சேர்த்து. சம்மதமா?"

"சம்மதம். அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லுங்க."

கிள்ளானுக்குப் போகும் வழியெல்லாம் ஷான் வாய் மூடவில்லை.

"கீரைதான் அக்கா! அந்தப் பொண்ணு தினமும் முருங்கைக்கீரையா ஆக்கிப் போட்டிருக்கும்."

"கீரை சாப்பிட்டா அந்த எண் எறங்கும் ஷான். ஏறாது."

"அப்ப கீரைய நிறுத்தியிருக்கும்."

"அது கேக்க வேண்டிய கேள்வி. கேப்போம்."

"இப்பதான் புது மாத்திரையெல்லாம் வந்திருக்கே. எங்க மாமாவுக்கு அதுதான். மாசாமாசம் ரத்தம் குத்தற வேலையே இல்ல. இவங்க ஏன் அந்தப் பழசையே புடிச்சுக்கிட்டுத் தொங்கினாங்க?"

"உங்க மாமாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுது. அவருக்கு அது சரி. இரும்பு வால்வு வச்சவங்களுக்கு அந்தப் புது மாத்திரை ஆகாது, வால்வு அடைச்சிரும். அவங்களுக்குப் பழசுதான் கதி. கொஞ்சம் கூடினா ரத்தம் கசியும், கொஞ்சம் கொறஞ்சா கட்டிக்கும். டோரிஸ் பத்து வருஷம் அந்தக் கயித்து மேல நடந்திருக்காங்க."

கிள்ளான் பண்டமாரானில் இருந்த பெரியவர் வீட்டில் மகள் ஜோஆன் காத்திருந்தாள். செமினியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மாத்திரைப் பெட்டியையும் மிச்ச அட்டைகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"எவிடன்ஸ் ஆன்டி. நான் யாரையும் தொடவிடல."

குணேஸ்வரி அட்டைகளை மேசையில் பரப்பி, கிளினிக்கில் கொடுத்ததிலிருந்து கடைசி நாள்வரை சாப்பிட்டிருக்க வேண்டியதைக் கழித்து, மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. ஒரு மாத்திரைகூட அதிகம் போகவில்லை.

"வெளிய வாங்கியிருக்கலாமே" என்றான் ஷான்.

"இருக்கலாம். அதனால இந்தக் கணக்க வச்சு டீனாவக் காப்பாத்த முடியாது."

ஜோஆன் பொரிந்து தள்ளினாள். "அந்த மருந்தே எலி மருந்து ஆன்டி! கூகுள்ல போட்டுப் பாருங்க, எலிக்கு வைக்கறதுதான் அது. அம்மாவுக்குப் பாதுகாப்பா ஏதாச்சும் கொடுக்கணும்னு நான் தேடித்தேடி இயற்கை மாத்திரை வாங்கியாந்தேன். ஃபார்மசில கேக்காம ஒண்ணும் கொடுக்கக்கூடாதுன்னு டீனா தடுத்துட்டா. என்கிட்டயே சட்டம் பேசினவ அவ!"

அந்தப் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். மூடியின் சீல் உடைக்கப்படவே இல்லை. குணேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு வேற என்ன தொந்தரவு இருந்துச்சு?"

"முட்டிதான். ரெண்டும் தேஞ்சு போச்சு. வலி மாத்திரை சாப்பிட்டா வயித்துல ரத்தம் கசியும்னு டாக்டர் ஆகஸ்டுலயே நிறுத்திட்டார். கோயில்ல எல்லாரும் முட்டி போடறப்ப தான் மட்டும் உட்கார்ந்திருக்கோமேன்னு அம்மா அழுவாங்க. ஆனா அக்டோபர்லேர்ந்து நல்லாயிடுச்சு. வலியே இல்லன்னாங்க."

"மாத்திரை இல்லாமயா?"

"செபமாலை மாசம் லா ஆன்டி. தினமும் செபம். மாதா கிருப."

டோரிஸின் நாற்காலி மாதா சுரூபத்துக்கு எதிரே அப்படியே கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்ன மர மேசை. அதன் வார்னிஷில் நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக வெளுத்துப் பிசுபிசுத்த தடங்கள். கீழ்த்தட்டில் மின்சாரக் கெத்தல், மடித்த துண்டு, சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருள் ஒன்று.

"கிச்சன் சாமான் எதுக்கு ஹாலுக்கு வந்துச்சு?" என்று ஷான் தலையைச் சொறிந்தான். பிறகு தானே பதிலும் சொல்லிக்கொண்டான். "அந்தப் பொண்ணுக்கு வீடு வச்சிக்கத் தெரியல."

குணேஸ்வரி குனிந்தார். மேசை மேல் விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

மறுநாள் பந்திங். பாசார் சந்தைக்குப் பின்னால் இருந்த அம்மா வீட்டில் டீனா வாசலுக்கே ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும். தூங்காத முகம்.

"கிள்ளான் வீட்டுக்குப் போனீங்களா? என் பிள்ளயப் பாத்தீங்களா? சாப்பிடறாளா?"

"பாத்தேன்மா. நல்லா இருக்கா. உன்னத்தான் கேட்டா."

டீனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கீரையை நிறுத்தவில்லை, வாரத்தில் இத்தனை நாள், இவ்வளவு என்று ஃபார்மசியில் சொன்னதை அப்படியே செய்தாள். நவம்பரில் அத்தையின் தொடையிலும் கையிலும் நீலநீலமாகக் கன்றியிருப்பதைக் குளிப்பாட்டும்போது பார்த்தாள்.

"அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு ஆன்டி. நான்தான் பயந்துபோயி முன்னாடியே கூட்டிட்டுப் போனேன். அப்பதான் நம்பர் ஏறியிருக்கறது தெரிஞ்சுது. வேற மருந்து, நாட்டு மருந்து, ஜாமு ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. அத்தை இல்லன்னாங்க. நானும் இல்லன்னேன்."

"செபமாலை நேரத்துல ஹால்ல இருக்க மாட்டியாமே?"

"கல்யாணமாகி வந்த புதுசுல உட்கார்ந்தேன். எனக்குச் செபம் சொல்லத் தெரியலன்னு ஜோஆன் சிரிச்சா. எழுந்து போனா மாமாவுக்குக் கோவம். இருந்தாலும் குத்தம், போனாலும் குத்தம். அதான் ரூம்ல பிள்ளைக்குக் கத சொல்லிட்டு இருப்பேன். செபம் முடிஞ்சு, அத்தை படுக்கப் போன அப்புறம்தான் வெளிய வருவேன்."

"உன் புருஷன் என்ன சொன்னார்?"

"பைபிள் மேல கைய வச்சுச் சத்தியம் பண்ணேன் ஆன்டி. 'பெட்டியத் தொட்டது நீதானே'ன்னு கேட்டார். அவ்ளோதான் கேட்டார்."

காரில் ஏறியதும் ஷான் மூக்கை உறிஞ்சினான். "அக்கா, இந்தப் பொண்ணு செஞ்சிருக்காது."

"நேத்து வரைக்கும் வீடு வச்சிக்கத் தெரியாத பொண்ணு."

"சரி சரி, நேத்து வாய் தவறிடுச்சு. யார் செஞ்சாங்க, அதச் சொல்லுங்க."

குணேஸ்வரி தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி மருந்தாளர் ஒருத்திக்குப் போன் போட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்ட பிறகு அவர் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் துளியும் இல்லை. "வியாழக்கிழம எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

வியாழன் மாலை பண்டமாரான் வீட்டுக் கூடத்தில் ஸ்டானிஸ்லாஸ் மாதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜோஆன் அவர் தோளோடு. மகன் ஐவன் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீனா வாசல் ஓர நாற்காலியில், விருந்தாளி போல. குழந்தையை உள்ளறையில் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா வந்திருப்பது அதற்குத் தெரியாது.

"மொதல்ல மாத்திரைப் பெட்டி" என்று குணேஸ்வரி தொடங்கினார். "கணக்கு சரியா இருக்கு. வெளிய வாங்கிக் கூடக் கொடுத்திருந்தா? அப்படிக் கொடுக்கறவ, ஒடம்பு கன்னிப்போச்சுன்னு ரெண்டு வாரம் முந்தியே ரத்தம் சோதிக்கக் கூட்டிட்டுப் போவாளா? தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுப்பாளா?"

ஐவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்புறம் ஜோஆன் வாங்கியாந்தது. சீல் ஒடையல. அதுவும் இல்ல. அப்ப, அக்டோபர்ல என்ன மாறுச்சு? ஒண்ணுதான். வலி மாத்திரைய ஆகஸ்டுலயே நிறுத்தியாச்சு, ஆனா அக்டோபர்ல முட்டி வலி கொறைஞ்சுது. எப்படிக் கொறைஞ்சுது? அந்த மேசையப் பாருங்க. பாட்டில் அடி வட்டம். வார்னிஷையே அரிக்கற ஏதோ ஒண்ணு தினமும் அங்க ஒக்காந்திருக்கு. கீழ கெத்தல், துண்டு, பிளாஸ்டிக் தாள்." அவர் பெரியவரிடம் திரும்பினார். "நீங்க என் ஆபீஸுக்கு வந்தப்ப ஒரே தைல வாடை. ஷான் கீழ இருக்கற மசாஜ் சென்டர்னு நெனச்சான். அன்னைக்கே அவங்க கடைய சாத்தி ரெண்டு நாளாச்சு. உங்க சட்டைப் பையில என்ன இருக்கு?"

ஸ்டானிஸ்லாஸ் ஒளிக்கவில்லை. ஒளிக்க அவருக்கு என்ன இருந்தது? பையிலிருந்து சின்னப் பச்சைப் புட்டியை எடுத்தார். எடுத்தபோது அவர் முகம்கூட மலர்ந்தது.

"இதுவா? டோரிஸ் முட்டிக்குத் தேய்க்கறது. கிறிஸ்மஸ் பூசையில அவள முட்டி போட வைக்கிறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன் மேடம். செபமாலை ஆரம்பிச்சா முடியற வரைக்கும் தேய்ப்பேன். நான் ஒரு அருள் நிறை மரியே சொல்லுவேன், அவ ஒண்ணு சொல்லுவா. அப்புறம் பிளாஸ்டிக்க சுத்தி, மேல சுடுதண்ணித் துண்டு. உள்ள எறங்கணும்ல. வாரத்துக்கு நாலஞ்சு பாட்டில் ஆயிரும். வாசனை இல்லாம இப்ப தூக்கம் வரல, அதான் நெத்தியில தடவிக்கிறேன்."

 குணேஸ்வரிக்கு அதற்கு மேல் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். வாசலோரம் ஒருத்தி தன் பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, இந்தத் தைலத்துல ஆஸ்பிரின் ஜாதி மருந்து இருக்கு. நெத்தியில ஒரு சொட்டு தடவினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு முட்டியிலயும் தினமும் தேய்ச்சு, பிளாஸ்டிக் சுத்தி, சூடும் வச்சா தோல் வழியா ரத்தத்துக்கே போயிரும். வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு அது மாத்திரையக் கூட்டிக் கொடுத்த மாதிரி. வலி மாத்திரை ஆபத்துன்னு டாக்டர் நிறுத்தினார். அதுக்குப் பதிலா இது பாதுகாப்புன்னு நீங்க நெனச்சீங்க."

"மேல பூசறதுதானே மேடம்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "மருந்து இல்லியே இது."

"அப்படித்தான் டோரிஸும் நெனச்சிருக்காங்க. கிளினிக்ல கேட்டப்ப, மருந்து ஒண்ணும் இல்லன்னாங்க. டீனாவுக்கோ நீங்க தேய்க்கறதே தெரியாது, அவ கதவுக்கு அந்தப் பக்கம். உங்களுக்குக் கிளினிக்ல என்ன கேட்டாங்கன்னு தெரியாது, நீங்க போனதே இல்ல. இது ஒண்ணாலதான் போனாங்கன்னு எந்த டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டார். ஆனா பெட்டியில ஒரு தப்பும் இல்ல. டீனா மேலயும் இல்ல."

பெரியவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு புட்டி கீழே உருண்டது. "ஐயோ மாதாவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த குழந்தை எட்டிப் பார்த்தது.

ஜோஆன் அவரைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அழாதீங்கப்பா! நீங்க தெரியாமத்தானே செஞ்சீங்க!" ஐவன் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தான். "அம்மா மேல உங்களுக்கு எவ்ளோ பாசம்னு எங்களுக்குத் தெரியாதாப்பா? உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா." இருவரும் மாறி மாறி அதையே சொன்னார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மருமகள் உடைக்கக்கூட இல்லை.

"அம்மா!" என்று குழந்தை ஓடிவந்து டீனாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஐவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"டீனா... சாரி. எல்லாம் தெளிவாயிடுச்சு. நீ இங்கயே இரு. பந்திங்லேர்ந்து சாமானெல்லாம் நாளைக்கு எடுத்துக்கலாம்."

டீனா முதலில் பெரியவரிடம் போனாள். "மாமா, அத்தைக்கு வலிக்கக்கூடாதுன்னுதான் செஞ்சீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். அவர் அவள் கையைப் பிடிக்கப் பார்த்து, தன் கையைப் பார்த்து, இழுத்துக்கொண்டார்.

பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"அப்பா தெரியாம செஞ்சார்னு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க ஐவன். நான் ரெண்டு மாசம் அழுதேன். பைபிள் மேல சத்தியம் பண்ணேன். அந்த ஒரு நிமிஷத்த எனக்கு நீங்க கொடுக்கலயே."

"அதான் இப்ப உண்ம தெரிஞ்சிடுச்சே டீனா! இப்ப நான் நம்பறேன்."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் நம்பறதுக்குப் புருஷன் எதுக்கு?" அவள் குணேஸ்வரியைக் கைகாட்டினாள். "அதுக்கு இந்த ஆன்டி போதும்."

குழந்தையின் செருப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. ஷான் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டான். பந்திங் போகும்வரை அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.